அரசரின் பெட்டி இருக்கை

நேயர்களுக்கு வணக்கம். இரவுச் சாப்பாட்டு நேரம் இது. கையில் தட்டோடு இருப்பவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் பேசப்போவது ஓர் அரசர் மலம் கழித்ததைப் பற்றி.

இங்கிலாந்தை ஆண்ட எட்டாம் ஹென்றியின் அரண்மனையில் ‘க்ரூம் ஆஃப் த ஸ்டூல்’ என்று ஒரு பதவி. ஸ்டூல் என்பது நடுவில் துளையும் அடியில் பாத்திரமும் வைத்த, மெத்தை தைத்த பெட்டி இருக்கை. ஆய்வுக்கூடத்தில் ‘ஸ்டூல் டெஸ்ட்’ என்கிறார்களே, அந்தச் சொல்லுக்கும் இந்த இருக்கைதான் மூலம். அரசர் அதில் அமரும்போது தண்ணீரும் துணியும் வைத்துக்கொண்டு கூடவே நிற்பது இவர் வேலை.

சீச்சீ, இதற்கு யார் வருவார்கள் என்கிறீர்களா? பெரிய குடும்பத்து ஆட்கள் வந்தார்கள். ஒரு பெரிய அதிகாரியைப் பார்க்க வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்களுக்கு இது புரியும். உள்ளே போய் வரும் ஆளிடம், “ஐயா இன்றைக்கு எப்படி இருக்கிறார்?” என்று நாமே கேட்டிருப்போமே! 1539-இல் இந்தப் பதவியில் இருந்த தாமஸ் ஹெனெஜ், அமைச்சர் கிராம்வெலுக்கு எழுதிய கடிதம் அதே கதைதான். அரசர் மாத்திரையும் எனிமாவும் எடுத்துக்கொண்டார், இரவு இரண்டு மணிவரை தூங்கினார், எழுந்து போனார், நன்றாகவே போனது. நாட்டின் முதன்மை அமைச்சருக்கு வந்த செய்தி இது!

அவருக்கு முன்னால் இருந்தவர் ஹென்றி நாரிஸ். அரசருக்கும் அதே பெயர், குழப்பிக்கொள்ளாதீர்கள். 1526-இல் வந்த அரண்மனை விதிகளின்படி, அரசர் கூப்பிட்டாலொழிய மற்றவர்கள் படுக்கையறைக்குள் போகக் கூடாது, நாரிஸ் போகலாம். அரசரின் கைச்செலவுப் பணமும் அவரிடம். பத்து வருடம் இப்படிப் போனது.

1536 மே முதல் நாள், கிரீனிச்சில் குதிரைவீரர்களின் ஈட்டிப் போட்டி. அரசர் திடீரென்று எழுந்தார். சில பேரோடு மட்டும் வெஸ்ட்மின்ஸ்டருக்குக் குதிரையில் கிளம்பினார்; நாரிஸும் கூடப் போனார். வழியெல்லாம் ஒரே கேள்வி: ராணி ஆன் பொலினோடு உனக்கு உறவு உண்டா? உண்மையைச் சொல், மன்னிக்கிறேன். யோசித்துப் பாருங்கள், பத்து வருடம் தன் உடம்பைத் தொட்டுப் பணிவிடை செய்தவரிடம் கேட்கிற கேள்வி! நாரிஸ் இல்லை என்றார், கடைசிவரை இல்லை என்றார். மறுநாள் லண்டன் கோட்டைச் சிறை. மே 17 அன்று தலை போனது. இரண்டு நாள் கழித்து ராணியின் தலையும். குற்றச்சாட்டை இன்று பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் நம்புவதில்லை. நானும்தான்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சரி, வேகமாகச் சொல்கிறேன். ஹென்றியின் காலத்தில் கடைசியாக இந்தப் பதவிக்கு வந்த ஆண்டனி டென்னியின் வசம் அரசரின் கையெழுத்து முத்திரையே இருந்தது. மையில்லாமல் தாளில் அழுத்தி, பதிந்த தடத்தின்மேல் மையால் எழுதுவார்கள். அரசரின் உயிலிலும் அப்படிப் பதிந்த கையெழுத்துதான். பதவி மட்டும் பெயரளவில் 1901 வரை நீடித்தது. ஆனால் அதற்கு முன்பே எழுத்தை மாற்றி ‘ஸ்டோல்’ ஆக்கிவிட்டார்கள், ஏதோ அரசரின் மேலங்கியைப் பார்த்துக்கொள்கிறவர் மாதிரி.

வணக்கம்.