கல்யாண கவுன்: விலைச்சீட்டுல இல்லாத செலவு

[திரையில்: ரேக்கில் தொங்கும் வெள்ளை கவுன். விலைச்சீட்டு மெல்லத் திரும்புகிறது. பின்பக்கம் காலி.]

கல்யாண கவுன் கடையில சொல்ற விலை, ரேக்ல தொங்குற கவுனோட விலை. அதை உங்க உடம்புக்குப் பிடிச்சு, நீளம் குறைச்சு, சுருக்கம் எடுத்து, கல்யாணத்தன்னிக்குப் போடுற நிலைக்குக் கொண்டுவர்ற செலவு தனி. கவுனை உடுத்திப் பார்க்கிறதுக்கு முன்னாடியே அந்தக் கணக்கையும் கேட்டு வாங்கிடணும். கண்ணாடி முன்னாடி நின்னு, கூட வந்தவங்க கண் கலங்கின பிறகு யாராலயும் பேரம் பேச முடியாது.

[திரையில்: 100 கட்டங்கள். 65, 20, 10, 5 என நிறம் பிரிகிறது.]

கையில இருக்கிற மொத்தப் பணத்தை 100 பங்கா வெச்சுக்குங்க. வரியோட சேர்த்து கவுனுக்கு 65. ஆல்டரேஷனுக்கு 20. முக்காடு, உள்ளாடை, செருப்பு எல்லாத்துக்கும் 10. மீதி 5-ஐத் தொடாம வைங்க. மணி வேலையும் லேஸும் நிறைஞ்ச கவுன்தான் வேணும்னா ஆல்டரேஷனுக்கு 25 ஒதுக்கி, கவுனை 60-ல நிறுத்துங்க.

"உங்க பட்ஜெட் எவ்வளவு?"ன்னு கடையில கட்டாயம் கேட்பாங்க. அங்க 100-ஐச் சொல்லக் கூடாது, 65-ஐத்தான் சொல்லணும். "அதுக்கு மேல உள்ளதை எடுத்துக் காட்ட வேண்டாம்"னும் சேர்த்துச் சொல்லிடுங்க.

[திரையில்: இணையதளப் பக்கம். விலை இருக்க வேண்டிய இடத்தில் "விலைக்கு அழைக்கவும்".]

ஆன்லைன்ல ஏன் பல கவுனுக்கு விலையே போடுறதில்ல? சில பிராண்டுகள், இந்தத் தொகைக்குக் கீழே விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு கடைகளுக்கு நிபந்தனை போடுது. சில கடைகள், நீங்க விலையை ஒப்பிட்டுப் பார்த்திடக் கூடாதுன்னே மறைக்குது. இன்னொரு தந்திரமும் உண்டு: பிராண்டோட மாடல் நம்பரை எடுத்துட்டு, கடையே சொந்தமா ஒரு பேர் வைக்கும். அந்தப் பேரைத் தேடினா வேற எங்கயும் கிடைக்காது.

அதனால போன்லயே நாலு விஷயம் கேளுங்க. பிராண்ட் பேரும் மாடல் நம்பரும் என்ன? வரி சேர்த்து விலை எவ்வளவு? பெரிய சைஸுக்கும் கூடுதல் நீளத்துக்கும் தனிக் கட்டணம் உண்டா? ஆல்டரேஷன் இங்கயே நடக்குமா, அதுக்கு ரேட் பட்டியல் இருக்கா? போட்டுப் பார்க்கவே கட்டணம் வாங்குற கடைகளும் இருக்கு, அதையும் கேட்டுக்குங்க. "நேர்ல வாங்க, பேசிக்கலாம்"னு மட்டுமே பதில் வந்தா, அடுத்த கடைக்குப் போன் போடுங்க.

[திரையில்: இரண்டு துணித் துண்டுகள், பார்க்க ஒரே மாதிரி.]

துணி விஷயத்துல ஒரு சின்னத் தெளிவு. சாட்டின், ஷிஃபான், ஆர்கன்சா இதெல்லாம் நெசவையும் துணியோட தன்மையையும் சொல்ற பேர். நூல் பட்டா, பாலியஸ்டரா என்பதை இந்தப் பேர் சொல்லாது. விலையில பெரிய வித்தியாசம் வர்றது நூலாலதான். கவுன் உள்ளே தைச்சிருக்கிற லேபிளைப் பாருங்க. லேபிளை வெட்டி எடுத்திருந்தா, பில்லுல நூல் வகையை எழுதித் தரச் சொல்லுங்க. பாலியஸ்டர் மட்டம்னு அர்த்தமில்ல. சுருக்கம் குறைவு, கறை பிடிச்சாலும் சுத்தம் பண்றது சுலபம். பட்டு விலை கொடுத்து அதை வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

[திரையில்: அளவு நாடா. மார்பு, இடுப்பு, இடுப்புக்குக் கீழ்ச் சுற்றளவு.]

அடுத்தது ஆர்டர். உங்க அளவை எடுக்கிறாங்க, அப்ப உங்க அளவுக்கே தைப்பாங்கன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. பெரும்பாலான கடையில அப்படி நடக்கிறதில்ல. மூணு சுற்றளவையும் பிராண்டோட அளவுப் பட்டியல்ல வெச்சு, அதுல எது பெருசோ அதுக்கு ஏத்த சைஸை ஆர்டர் பண்ணுவாங்க. மத்த இடமெல்லாம் தொளதொளன்னு வரும். ஆல்டரேஷன் தவிர்க்க முடியாததா ஆகிறது இங்கதான். கல்யாண கவுன்ல சைஸ் நம்பர், நீங்க வழக்கமாப் போடுற உடையை விட ஒண்ணு ரெண்டு கூடுதலா இருக்கும். அந்த நம்பரைப் பார்த்து மனசு கோணி, "சின்னதே போடுங்க, அதுக்குள்ள மெலிஞ்சிடுவேன்"னு சொல்லிடாதீங்க. பெரிய கவுனைப் பிடிக்கலாம். சின்ன கவுனை விரிக்கணும்னா தையல் ஓரத்துல துணி விட்டிருக்கணும், அது பெரும்பாலும் ஒன்றிரண்டு அங்குலத்துக்கு மேல வராது. அதுவும் போதாட்டி, ஜிப்பைக் கழட்டிட்டு முதுகுல கயிறு கட்டுற அமைப்பு வைக்கணும். அது ஒரு பெரிய செலவு.

[திரையில்: கவுனின் கீழ் விளிம்பு, அடுக்கு அடுக்காகப் பிரிந்து காட்டப்படுகிறது.]

இப்போ ஆல்டரேஷன். பட்ஜெட் கைமீறிப் போறது பெரும்பாலும் இங்கதான், அதனால கொஞ்சம் விரிவாவே பார்ப்போம்.

தையல் கூலி கவுன் விலையைப் பார்த்து ஏறுறதில்ல, வேலையைப் பார்த்து ஏறும். பாதி விலையில கவுன் கிடைச்சாலும் நீளம் குறைக்கிற கூலி பாதியாகாது. பழைய கவுனை மலிவா வாங்கினவங்க, கவுனை விட அதிகமா டெய்லருக்குக் கொடுக்கிறது இதனாலதான்.

நீளம் குறைக்கிறதை எடுத்துக்குங்க. ஒரே அடுக்கு க்ரேப் துணின்னா எளிய வேலை. அஞ்சு அடுக்கு நெட்டும் லைனிங்கும் இருந்தா ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியா வெட்டணும். விளிம்பு விறைப்பா நிக்க உள்ளே பட்டை வெச்சிருந்தா, அதைப் பிரிச்சு மறுபடி தைக்கணும். ரொம்பச் செலவு வைக்கிறது லேஸ் விளிம்பு. கீழே வெட்டினா டிசைனே போயிடும். அதனால லேஸைக் கையால பிரிச்சு, மேல ஏத்தி, மறுபடி கையாலயே தைக்கணும். நீங்க உயரம் குறைவுன்னா ஆர்டர் பண்ணும்போதே "நீளம் குறைச்சு அனுப்ப முடியுமா?"ன்னு கேளுங்க. சில பிராண்டுகள் கழுத்துக் குழியிலிருந்து விளிம்பு வரைக்கும் அளவு வாங்கி அப்படித் தைச்சுத் தரும். அதுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு, ஆனாலும் லேஸ் விளிம்பைப் பிரிச்சுத் தைக்கிற கூலியோட ஒப்பிட்டுப் பாருங்க.

பக்கத் தையலைப் பிடிக்கிறதுலயும் இதே கதை. மணி வேலை இருந்தா, தையல் போற பாதையில இருக்கிற மணிகளை எடுத்தாகணும், இல்லன்னா மிஷின் ஊசி உடையும். தைச்சு முடிச்ச பிறகு மணியை ஒவ்வொண்ணாக் கோக்கணும். அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் கூலி.

பின்னால இழுபடுற நீளத் துணியைத் தூக்கி மாட்டுறதுக்குப் பேர் பஸில். கொக்கியும் நாடாவும் வெச்சுத் தைப்பாங்க, பல இடத்துல ஒரு மாட்டுக்கு, அதாவது கொக்கி மாட்டுற ஒவ்வொரு இடத்துக்கும், இவ்வளவுன்னு கணக்கு. செலவைக் குறைக்க ஒரே மாட்டோட நிறுத்தினா, கனமான துணி ஆடும்போது பாரம் தாங்காம கிழியும். உங்க துணிக்கு எத்தனை மாட்டு வேணும்னு எண்ணிக்கையாவே கேளுங்க.

ஃபிட்டிங்குக்குப் போகும்போது அன்னிக்குப் போடப் போற செருப்பும் உள்ளாடையும் கையில இருக்கணும். குதிகால் உயரம் மாறினா விளிம்பு மாறும், ரெண்டு தடவை கூலி. சுருக்கம் எடுக்கிறதும் பல கடையில தனிக் கணக்கு.

கடையிலயே ஆல்டரேஷன் பண்ணியாகணும்னு பெரும்பாலும் கட்டாயம் இல்ல. கவுனோட முன், பின், உள்பக்கம், விளிம்பு எல்லாத்தையும் படம் எடுத்து, கல்யாண கவுன் தைச்சுப் பழகின வெளி டெய்லர் ரெண்டு பேர்கிட்ட ரேட் வாங்குங்க. உள்பக்கப் படம் இல்லாம சொல்ற ரேட்டை நம்பாதீங்க.

[திரையில்: சாம்பிள் கவுன். விளிம்பில் அழுக்கு, கழுத்தில் மேக்கப் கறை.]

கடையில போட்டுப் பார்க்க வெச்சிருக்கிற சாம்பிள் கவுனைத் தள்ளுபடியில வாங்குறது நல்ல வழி. ஆனா பலர் உடுத்திக் கழட்டினது. கழுத்தோரம், அக்குள், ஜிப், விளிம்பு நாலையும் வெளிச்சத்துல பாருங்க. சுத்தம் பண்ற செலவையும் ஆல்டரேஷனையும் கூட்டி, புதுசோட மொத்த விலைக்குப் பக்கத்துல வெச்சுப் பார்த்தாத்தான் தள்ளுபடி உண்மையா தெரியும். ரெண்டு சைஸுக்கு மேல பெருசா இருந்தா விட்டுடுங்க, கவுனோட வெட்டே மாறிடும். அலங்காரம் குறைஞ்சது போதும்னா, மணப்பெண்ணோட தோழிகளுக்குன்னு விக்கிற உடைகள்லயே ஐவரி நிறம் (யானைத் தந்தம் மாதிரி வெள்ளை) வரும். விலை கணிசமாக் குறையும்.

பிரபல கவுனோட படத்தைப் போட்டு பத்துல ஒரு பங்கு விலை சொல்ற தளம் கண்ணுல பட்டா, அந்தப் படத்தை இமேஜ் தேடல்ல போடுங்க. பத்து தளத்துல அதே படம் வந்தா அது திருட்டுப் படமா இருக்க வாய்ப்பு அதிகம். வெளிநாட்டுக் கடைன்னா சுங்க வரியையும், திருப்பி அனுப்புற கூரியர் செலவையும் சேர்த்துக்குங்க.

[திரையில்: ஆர்டர் படிவம்.]

ஆர்டர் படிவத்துல இருக்க வேண்டியது: பிராண்ட், மாடல் நம்பர், நிறம், லைனிங் நிறம், சைஸ், உங்க அளவு, கேட்ட மாற்றம், வரியோட மொத்தம், கடைக்கு வந்து சேர்ற தேதி, ரத்து விதி. தேதி முக்கியம். ஆர்டர் கவுன் வர பொதுவா 4-லிருந்து 6 மாசம் ஆகும், அதுக்கு மேல ஆல்டரேஷனுக்கு 2 மாசம் வேணும். அதுக்குள்ள கேட்டா அவசரக் கட்டணம்.

அட்வான்ஸ் பாதி கேட்பாங்க, பெரும்பாலும் திரும்ப வராது. அதைக் கார்டுல கட்டுங்க. 2017 ஜூலையில ஆல்ஃப்ரெட் ஏஞ்சலோங்கிற அமெரிக்க நிறுவனம் தன் கடைகளைத் திடீர்னு மூடி திவால் மனு போட்டது. கவுனுக்குப் பணம் கட்டியிருந்த பெண்கள் பூட்டின கதவு முன்னாடி நின்னாங்க. கார்டுல கட்டியிருந்தா பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கிகிட்ட முறையிட ஒரு வழி இருக்கும். ரொக்கமாக் கொடுத்தா அந்த வழி இல்ல.

கவுன் வந்ததும் மீதிப் பணத்துக்கு முன்னாடி லேபிள் சைஸ், நிறம், மாடல் நம்பரைப் படிவத்தோட ஒத்துப் பாருங்க. அளவு நாடா வெச்சு மூணு சுற்றளவையும் எடுங்க. தப்பு இருந்தா அங்கயே படிவத்துல எழுதிக் கையெழுத்து வாங்கிட்டு, கவுனைக் கடையிலயே விட்டுட்டு வாங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போன பிறகு சொன்னா, திருத்துற கூலி உங்க கணக்குல ஏறும்.