அப்பா எழுதிக் கொடுத்தால் 200 ரூபாய், நாமே வாங்கினால் 6 லட்சம்

வணக்கம். மும்பை செம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறேன், ஹார்பர் லைன் வண்டிச் சத்தம் நடுநடுவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் எங்கள் மாமா தன் 1 பிஎச்கே வீட்டை மகன் பேருக்கு கிஃப்ட் டீட், அதாவது தானப் பத்திரம், எழுதினார், சாட்சிக் கையெழுத்துப் போட நானும் போனேன். மகாராஷ்டிராவில் குடியிருக்கும் வீட்டைப் பெற்றவர்கள் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்தால் முத்திரைத் தீர்வை 200 ரூபாய்தான், செஸ் என்கிற கூடுதல் வரியும் பதிவுச் செலவும் தனி. எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்றது ஒரு தூத்துக்குடிப் பையன், பத்து வருடம் சேர்த்த காசோடு வங்கிக் கடனும் போட்டு முதல் வீடு வாங்குகிறான். மும்பையில் விலைக்கு வாங்கினால் செஸ் சேர்த்து 6 சதவீதம், ஒரு கோடி வீட்டுக்கு 6 லட்சம். உழைத்து வாங்குகிறவனிடம் அவ்வளவு வாங்குகிறோம், சும்மா வந்த சொத்துக்கு 200. அன்றிலிருந்து இதே யோசனைதான்.

மாமாவிடம் வாரிசு வரி, அதாவது ஒருவர் இறந்தபின் வாரிசுக்குப் போகும் சொத்துக்கு ஒரு வரி, வேண்டும் என்று சொன்னேன், பதறிவிட்டார். "என் ஒரு ரூமையும் பிடுங்கிக்கொள்வார்களா?" 2024 தேர்தல் சமயத்தில் காங்கிரஸ்காரர் சாம் பிட்ரோடா அமெரிக்க வாரிசு வரியைப் பற்றிப் பேசியபோது எல்லார் வீட்டிலும் இதே பயம்தான். ஆனால் அமெரிக்காவில் அந்த வருடம் ஒருவர் விட்டுப்போகும் சொத்து 1.36 கோடி டாலரைத் தாண்டினால்தான் மத்திய அரசின் அந்த வரி. ரூபாயில் நூறு கோடிக்கு மேல். மாமாவின் வீடு அந்தப் பக்கமே போகாது.

நம் நாட்டிலும் இது இருந்ததுதான், 1953-ல் வந்த எஸ்டேட் டியூட்டி. உச்ச விகிதம் 85 சதவீதம் வரை போனது. கேட்க பயங்கரமாக இருக்கிறது, ஆனால் கடைசியில் வருடத்துக்கு வந்தது சுமார் 20 கோடி ரூபாய், அதைப் பார்க்க வசூலிக்கும் செலவு அதிகம் என்று சொல்லி 1985-ல் நிதியமைச்சர் வி.பி. சிங் அதை எடுத்தார். சொத்து ஏற்றத்தாழ்வைக் குறைக்கவில்லை என்றும் பட்ஜெட் உரையிலேயே ஒப்புக்கொண்டார். இதைக் காட்டி "பார்த்தீர்களா, வாரிசு வரி வேலைக்கு ஆகாது" என்கிறார்கள். எனக்கு அது தப்பாகப் படுகிறது. ஓட்டை வாளியில் தண்ணீர் நிற்கவில்லை என்றால் குற்றம் தண்ணீர் மேலா? 85 சதவீதம் என்றால் யாராக இருந்தாலும் வக்கீலிடம் ஓடுவார், வசதி உள்ளவர் சொத்தை முன்கூட்டியே பிரித்து டிரஸ்டில், அதாவது தன் பேரில் இல்லாமல் ஓர் அறக்கட்டளையின் பேரில், வைத்துவிடுவார், அந்த வழி தெரியாத நடுத்தரக் குடும்பம்தான் மாட்டும். அப்படி ஒரு வரி செல்வக் குவிப்பைத் தொடக்கூடத் தொடாது.

தென் கொரியாவைப் பாருங்கள். சாம்சங் தலைவர் லீ குன் ஹீ 2020-ல் இறந்தார். வாரிசு வரியாகக் குடும்பம் கட்ட ஒப்புக்கொண்டது 12 லட்சம் கோடி வோனுக்கும் மேல், ஐந்து வருடத் தவணையில். அதற்காகப் பங்குகளைக்கூட விற்றார்கள். கம்பெனி இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது, அதனால் இந்த வரி ஒரே தலைமுறையில் எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவ்வளவு பணம் பொதுக் கஜானாவுக்குப் போனதே, அது சின்ன விஷயமா?

சரி, எனக்கு என்ன வேண்டும்? வரம்பு 50 கோடி மாதிரி உயரத்தில் இருக்கட்டும், விகிதம் மிதமாக இருக்கட்டும், ரொக்கம் இல்லாதவர்களுக்குத் தவணை கொடுக்கட்டும், ஆனால் டிரஸ்ட், கிஃப்ட் என்று எந்த வழியாகப் போனாலும் அதே கணக்கு. இதை மாமாவிடம் பொறுமையாகச் சொன்னேன். "அப்போ எனக்கு வராதா?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு, "மலபார் ஹில் பணக்காரனுக்குப் போடு, எனக்கென்ன" என்றார்.

டிரஸ்ட் வைத்து எப்படித் தப்பிக்கிறார்கள் என்பது தனிக் கதை, அடுத்த வீடியோவில் பேசுகிறேன்.