சீட்டு எங்கேம்மா?

நேயர்களுக்கு வணக்கம். நான் தென்காசிப் பக்கம் வழக்கறிஞராக இருக்கிறேன். எங்கள் ஊரிலிருந்து புளியரையைத் தாண்டி மலையேறினால் ஆரியங்காவு. கேரளா அங்கேயே ஆரம்பித்துவிடும், கூடவே லாட்டரிக் கடைகளும். ஒரு மலைக்கு அந்தப் பக்கம் அரசாங்கமே விற்கிற சீட்டு, இந்தப் பக்கம் விற்றால் வழக்கு.

சில மாதங்களுக்கு முன் தையல் வேலை செய்கிற ஓர் அம்மா என்னைப் பார்க்க வந்தார். "சார், எனக்கு அஞ்சு லட்சம் விழுந்திருக்கு. வரி கட்டணும்னு சொல்லி பன்னிரண்டாயிரம் வாங்கிட்டாங்க, இப்போ இன்னும் கேக்கறாங்க" என்றார். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் காட்டினார். இரண்டு ஆங்கில எழுத்து, ஆறு இலக்க எண், கேரள அரசு முத்திரை எல்லாம் பளிச்சென்று இருந்தன. "சீட்டு எங்கேம்மா?" என்று கேட்டேன். "இதுதான் சார்" என்று மறுபடியும் போனையே நீட்டினார்.

கேரள லாட்டரித் துறை ஆன்லைனில் சீட்டு விற்பதே இல்லை. காகிதச் சீட்டு மட்டும்தான். பரிசு விழுந்தால் அந்தக் காகிதத்தின் பின்பக்கம் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, 30 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். படத்தைக் காட்டி ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. அப்புறம் அந்த வரி விஷயம். பெரிய பரிசு என்றால் 30 சதவீத வருமான வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுப்பார்கள். முன்கூட்டியே வரி கட்டச் சொல்வது எந்த அரசு லாட்டரியிலும் கிடையாது.

அரசு லாட்டரி நமக்குப் புதிதல்ல. 1967-இல் கேரளா தனித்துறை தொடங்கியது. 1968 ஜனவரி 26 முதல் குலுக்கல், சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000. அதே ஆண்டு அண்ணா ஆட்சியில் இங்கேயும் வந்தது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்ற வாசகம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இடையில் நிறுத்தி, மறுபடி தொடங்கி, கடைசியில் 2003 ஜனவரியில் எல்லா லாட்டரிக்கும் தடை வந்தது. அன்றாடங்காய்ச்சிகளின் கூலி பெட்டிக்கடை வாசலிலேயே கரைந்ததைப் பார்த்தவன் நான். அந்தத் தடை சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

அந்தத் தடைக்கும் இன்றைய அரசு லாட்டரிகளுக்கும் அடிப்படை 1998-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். சீட்டை மாநில அரசே அச்சடிக்க வேண்டும், குலுக்கலைத் தானே தன் எல்லைக்குள் நடத்த வேண்டும். ஒற்றை இலக்கத்துக்குப் பரிசு தரக் கூடாது. வெளிமாநிலச் சீட்டு வேண்டாம் என்று ஒரு மாநிலம் சொல்லலாம். ஆனால் தானும் லாட்டரி நடத்தாமல் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் சொன்னது.

'ஆன்லைன் லாட்டரி' என்ற சொல்லும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது நம் கைப்பேசியைச் சொல்லவில்லை. 2010-ஆம் ஆண்டு விதிகளின்படி, கடையில் உள்ள இயந்திரத்தில் எண்ணைத் தேர்ந்தெடுப்போம், அது அந்த நொடியே மத்தியக் கணினியில் பதிவாகும், சீட்டும் கைக்கு வரும். அதையும் கேரளா வேண்டாம் என்றது. காகிதத்தை வைத்துக்கொண்டு ஆன்லைனை மட்டும் தடுக்கலாம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது.

எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் ஓடுகிறது, மூணு நம்பர். மதியம் 3 மணிக்குக் கேரளாவில் குலுக்குகிறார்கள், அந்த முடிவின் கடைசி மூன்று எண்ணை வைத்து இங்கே பந்தயம். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தது போய், இப்போது வாட்ஸ்அப் குழுவில் நடக்கிறது. ஆயிரம் எண்ணில் ஒன்று வந்தால்தான் பணம். அதையும் தராமல் குழுவைக் கலைத்துவிட்டுப் போனால் யாரிடம் கேட்பது? பந்தயப் பணத்தைக் கேட்டு நீதிமன்றத்துக்கும் போக முடியாது.

அந்த அம்மாவுக்கு வருவோம். அன்றைக்கே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேச வைத்தேன். பணம் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. போன உடனே, ஒரு மணி நேரத்துக்குள் சொல்லியிருந்தால் அந்தக் கணக்கிலேயே பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். வீட்டில் திட்டுவார்கள் என்று பயந்து யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். நேயர்களே, உங்கள் வீட்டில் யாராவது இப்படி ஏமாந்து வந்து நின்றால், தயவுசெய்து முதலில் அந்த எண்ணுக்குப் போன் போடுங்கள். திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.