கண்ணைப் பார்த்துப் பேசு என்று சொல்வதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம். ஆட்டிச நிலையுள்ள பதின்பருவ மாணவர்களுக்காகப் பள்ளியில் சமூகத் திறன் குழு, அதாவது பிறரோடு பேசிப் பழகக் கற்றுக்கொள்ளும் சிறு குழு, நடத்துவது பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். ஆட்டிசம் என்பது, பிறரோடு பழகும் விதமும் ஒலி போன்றவற்றை உணரும் விதமும் சிறு வயதிலிருந்தே வேறுபட்டிருக்கும் நிலை. நான் ஒரு சிறப்பாசிரியர். எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளோடு வேலை செய்கிறேன்.

குழு தொடங்கப்போகிறோம் என்றதும் பெற்றோர் பலர் முதலில் கேட்பது இதுதான்: "மிஸ், இவனைக் கண்ணைப் பார்த்துப் பேசப் பழக்கிவிடுங்கள்." அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. கல்யாண வீட்டில் பெரியப்பா பேச்சுக் கொடுக்கும்போது பிள்ளை எங்கோ பார்த்துக்கொண்டு நின்றால், "வளர்த்த லட்சணம்" என்று அம்மாவின் காதுபடவே சொல்வார்கள். ஆனாலும் நான் அதைப் பழக்குவதில்லை. ஆட்டிச நிலையுள்ள பலருக்கு எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்ப்பதும் அவர் பேச்சைக் கவனிப்பதும் ஒரே நேரத்தில் இயலாது. பார் என்றால் பார்ப்பார்கள். காதில் எதுவும் ஏறாது. நாள் முழுவதும் தன் இயல்பை மறைத்து மற்றவர்போல் நடிக்கும் பிள்ளை, வீடு திரும்பியதும் அழுது தீர்க்கிறது, அல்லது கதவைச் சாத்திக்கொள்கிறது. பெண் பிள்ளைகள் இப்படி மறைப்பது அதிகம். அவர்களில் பலரை யாரும் அடையாளம் காணாமலே போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர், அவரும் ஆட்டிச நிலையில் இருப்பவர், 2012-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆட்டிச நிலையுள்ளவர் பிறரைப் புரிந்துகொள்ளச் சிரமப்படுகிறார் என்றால், பிறரும் அவரைப் புரிந்துகொள்ளச் சிரமப்படுகிறார்கள். குறை ஒரு பக்கம் மட்டும் இல்லை என்றார். 2020-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு ஒரு கதையைச் சொல்லிக்கொண்டே போகும்படி எட்டெட்டுப் பேர் கொண்ட வரிசைகளை அமைத்துப் பார்த்தார்கள். ஆட்டிச நிலையுள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசைகளில், மற்றவர்களின் வரிசைகளுக்கு இணையாகவே கதை கடைசிவரை போய்ச் சேர்ந்தது. பேசத் தெரியாதவர்கள் என்று நாம் முத்திரை குத்தியவர்கள் தங்களுக்குள் நன்றாகவே பேசிக்கொள்கிறார்கள். என் குழுவுக்கு இதுதான் அடிப்படை.

ஐந்தாறு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. வாரத்தில் ஒரே நாள், ஒரே அறை. இன்று என்னென்ன செய்யப்போகிறோம், எத்தனை மணிக்கு முடிப்போம் என்று கரும்பலகையில் முன்கூட்டியே எழுதிவிடுவேன். மதிய இடைவேளையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு: இரைச்சலும் தள்ளுமுள்ளும் நிறைந்த அந்த நேரம்தான் இவர்களுக்குப் பள்ளியிலேயே கடினமான நேரம். பிள்ளையின் சம்மதம் கேட்காமல் சேர்ப்பதே இல்லை. "உன்னிடம் குறை இருக்கிறது, சரிசெய்ய வா" என்று கூப்பிட்டால் எந்தப் பதினைந்து வயதுப் பிள்ளை மனமுவந்து வரும்?

டேனியல் லெகாஃப் என்ற உளவியலாளர், ஒன்றோடொன்று பொருத்தி விளையாடும் லெகோ கட்டைகளைக் கொண்டு நடத்திய குழுமுறையை 2004-இல் எழுதினார். ஒருவர் வரைபடத்தைப் பார்த்துச் சொல்வார், ஒருவர் கட்டையைத் தேடித் தருவார், ஒருவர் பொருத்துவார். மூவரும் பேசிக்கொள்ளாமல் வேலை நகராது. விலை உயர்ந்த கட்டைகள் இல்லாத பள்ளியிலும் இதைச் செய்யலாம். எங்கள் குழுவில் ஒரு மாணவனுக்கு ஊரின் பஸ் தடங்கள் அத்தனையும் மனப்பாடம். இன்னொருத்திக்குக் கோடு பிசகாமல் வரையத் தெரியும். இருவரும் சேர்ந்து நகரப் பஸ் வரைபடம் ஒன்றைச் சுவர் அளவுக்குத் தயாரித்தார்கள். எந்த நிறுத்தத்தைப் பெரிதாகக் காட்டுவது என்பதில் பெரிய தகராறு. நான் குறுக்கே போகவில்லை. அவன் தன் பக்க நியாயத்தைச் சொன்னான், அவள் மறுத்தாள், கடைசியில் இரண்டையும் ஒரே அளவில் போட்டார்கள். 'விட்டுக்கொடுத்தல்' என்று தலைப்பிட்டு ஒரு மணி நேரம் பாடம் நடத்தினாலும் இது வந்திருக்காது.

நேரடியாகச் சொல்லித்தர வேண்டியவையும் உண்டு. "புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்பது. சத்தம் தாங்காதபோது வெளியே போக அனுமதி கேட்பது. நண்பன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன், "அந்தப் பெண்ணிடம் போய் இப்படிச் சொல்" என்று தூண்டிவிட்டு வேடிக்கை பார்க்கும்போது அதை இனம் காண்பது. வாட்ஸ்அப் குழுவில் தன் படத்தைப் போட்டுக் கேலி செய்தால் யாரிடம் சொல்வது. எல்லாவற்றுக்கும் மேலாக, "வேண்டாம்" என்று சொல்வது. பெரியவர் சொன்னால் கீழ்ப்படி என்று மட்டுமே பழக்கப்பட்ட பிள்ளை, தவறான எண்ணத்தோடு நெருங்கும் பெரியவருக்கும் கீழ்ப்படிந்துவிடும். பதின்பருவத்தில் இதைவிட அவசரமான பாடம் எனக்குத் தெரியவில்லை. ஆகவே என் குழுவில் யாரும் என்னிடமே "வேண்டாம் மிஸ்" என்று சொல்லலாம். சொன்னால் அத்துடன் நிறுத்திவிடுவேன். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் எல்லோரும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

வேலையில் பாதி ஆசிரியர் அறையில் நடக்கிறது. "கொஞ்ச நேரம் இரு" என்பதற்குப் பதில் "2.15 வரை இரு" என்று சொல்லுங்கள் என்று சக ஆசிரியர்களிடம் கேட்கிறேன். கையை ஆட்டிக்கொண்டே பாடம் கேட்கும் மாணவனை அதட்டாதீர்கள் என்கிறேன். இது சலுகை இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது. மாணவரின் தேவைக்கேற்ற வசதிகளைப் பள்ளி செய்து தர வேண்டும் என்று அது சொல்கிறது. வகுப்பு மாணவர்களிடமும் பேசுகிறேன், சம்பந்தப்பட்ட பிள்ளையும் பெற்றோரும் ஒப்புக்கொண்டால் மட்டும்.

ஆண்டிறுதியில் தலைமையாசிரியர்கள் முன்னேற்ற அறிக்கை கேட்பார்கள். எத்தனை முறை கண்ணைப் பார்த்தான், எத்தனை முறை வணக்கம் சொன்னான் என்று நான் எண்ணுவதில்லை. பள்ளிக்கு வர மறுத்த நாட்கள் குறைந்தனவா, உதவி கேட்கிறானா, சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார ஓர் ஆள் இருக்கிறாரா, அந்த ஆளை அவனே தேர்ந்தெடுத்தானா என்று எழுதுகிறேன். கடைசிக் கேள்விக்கான பதிலை மட்டும் அந்தப் பிள்ளையிடமே கேட்டு, அவன் சொன்னபடியே எழுதுவேன். நன்றி, வணக்கம்.