நூற்றுவீதத்தில் 1:2 எங்கே போனது?

வணக்கம் பிள்ளைகளே. இந்தக் கிழமை வந்த கேள்விகளில் ஒன்றைப் பார்த்ததும் எனக்குப் பெரிய சந்தோசம். மூதூரிலிருந்து ஒரு தங்கச்சி கொப்பியைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். "சேர், காபனோரொட்சைட்டில் ஒட்சிசன் 57.1 நூற்றுவீதம், காபனீரொட்சைட்டில் 72.7. இதில் 1:2 எங்கே இருக்கிறது? பல்விகிதசம விதி பிழையா?" அந்த விதி சொல்வது இதுதான்: இரண்டு மூலகங்கள் சேர்ந்து ஒன்றுக்கு மேற்பட்ட சேர்வைகளை உண்டாக்கினால், ஒன்றின் ஒரே அளவு திணிவோடு சேரும் மற்றதன் திணிவுகள் சிறிய முழு எண் விகிதத்தில் இருக்கும். இந்த இரண்டு சேர்வையிலும் ஒட்சிசனுக்கு அது 1:2 என்று வர வேண்டும். கேள்விக்குக் கீழே 72.7 ஐ 57.1 ஆல் வகுத்து, 1.27 என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருக்கிறார்.

விதியைச் சும்மா பாடமாக்காமல் வகுத்துப் பார்த்தாரே, அதுதான் விசயம். வகுத்ததும் சரி. ஆனால் நூற்றுவீதம் என்றால் என்ன? இரண்டு சேர்வையிலும் நூறு நூறு கிராம் எடுக்கிறோம். முதலாவதில் காபன் 42.9 கிராம், மற்றதில் 27.3 கிராம்தான். ஒட்சிசன் கூடக் கூடக் காபன் குறைகிறது. இரண்டும் சேர்ந்து அசைந்தால் எதை எதோடு ஒப்பிடுவது? நான் எத்தனை காணொளியில் சொல்லியிருப்பேன்: ஒரு மூலகத்தைக் கட்டிப்போடுங்கள், பிறகு மற்றதைப் பாருங்கள்.

காபனை 1 கிராமில் கட்டிப்போடுவோம். 57.1 ஐ 42.9 ஆல் வகுத்தால் 1.33. 72.7 ஐ 27.3 ஆல் வகுத்தால் 2.66. இப்போது சொல்லுங்கள், சரியாக இரண்டு மடங்கு.

புல்மோட்டைக் கறுப்பு மணலைப் பற்றிப் பேசியது பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி தாண்டி வடக்கே போனால் வருமே, அந்த மணல். அதில் இருக்கும் இல்மனைற்று என்ற கனிமத்துக்கும் இந்த விதியைப் போடலாமா என்று அப்போது கேட்டார்கள். அதில் இரும்பு, தைத்தேனியம், ஒட்சிசன் என்று மூன்று மூலகம். நேரே போட முடியாது. தைத்தேனியத்தை விட்டுவிட்டு இரும்பின் ஒட்சைட்டுகளை எடுங்கள், அது அழகான கணக்கு. 1 கிராம் இரும்புக்கு ஒட்சிசன் பெரசு ஒட்சைட்டில் 0.286 கிராம், மக்னடைற்றில் 0.382, ஏமடைற்றில் 0.430. பார்த்தால் ஒன்றும் தெரியாது. மூன்றையும் 0.286 ஆல் வகுத்து, பிறகு 6 ஆல் பெருக்கிப் பாருங்கள், 6:8:9 வரும். சிறிய முழு எண்கள் என்றால் எப்போதும் 1:2 என்று நினைக்கக் கூடாது. பெரசு ஒட்சைட்டுக்கு நான் சொன்னது சூத்திரப்படி வரும் கணக்கு. உண்மையான கனிமத்தில் இரும்பு கொஞ்சம் குறைவாகவே இருக்கும், அது தனிக் கதை.

சரி தங்கச்சி, அடுத்ததாக நீங்கள் இதைக் கேட்டிருந்தால் இன்னும் சந்தோசப்பட்டிருப்பேன்: 1:2 வந்துவிட்டது, அதை வைத்துக் காபனோரொட்சைட்டில் ஒரு காபனுக்கு ஒரு ஒட்சிசன் என்று சொல்லலாமா? சொல்ல முடியாது! முதலாவதில் இரண்டு காபனுக்கு ஒரு ஒட்சிசன், மற்றதில் ஒன்றுக்கு ஒன்று என்று வைத்தாலும் இதே 1:2 தான் வரும்.

இந்த விதியைச் சொன்ன ஜோன் டால்டனே இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டார். 1808 இல் வந்த அவருடைய புத்தகத்தில் நீர் என்பது ஒரு ஐதரசனும் ஒரு ஒட்சிசனும்தான். 1818 இல் இரசாயனவியலாளர் தெனார் ஐதரசன் பரஒட்சைட்டைக் கண்டுபிடித்தார். 1 கிராம் ஐதரசனுக்கு நீரில் 8 கிராம் ஒட்சிசன், பரஒட்சைட்டில் 16 கிராம். விதி அப்படியே பொருந்துகிறது, ஆனால் நீரின் சூத்திரம் பிழை என்று அது காட்டிக் கொடுக்கவில்லை. அதற்கு வாயுக்களின் கனவளவைப் பார்க்க வேண்டியிருந்தது. அவகாதரோ 1811 இலேயே வழி சொல்லியிருந்தும், 1860 இல் ஜேர்மனியில் நடந்த இரசாயனவியலாளர்களின் கார்ல்ஸ்ரூவ மாநாட்டில் கனிசாரோ எடுத்துச் சொன்ன பிறகுதான் பலர் ஏற்கத் தொடங்கினார்கள்.

ஒரு வேலை தருகிறேன். நைதரசனின் மூன்று ஒட்சைட்டுகளில் ஒட்சிசன் 36.4, 53.3, 69.6 நூற்றுவீதம். முதலில் நைதரசனைக் கட்டிப்போட்டுச் செய்யுங்கள். அப்புறம் ஒட்சிசனைக் கட்டிப்போட்டுச் செய்து, இரண்டு விடையையும் படம் எடுத்து அனுப்புங்கள்.