பிள்ளையை அளந்துவிட்டுப் புறப்படுங்கள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பொறுப்பு என்னுடையது. அதனால் முழுப் பரீட்சை முடிகிற சமயத்தில் பெற்றோர்கள் என்னைத் தேடி வந்து கேட்பார்கள்: "சார், குடும்பத்தோடு ஒரு தீம் பார்க் போய்வர வேண்டும். எவ்வளவு ஆகும்?" நான் தொகை எதையும் சொல்வதில்லை. "உங்கள் சின்னப் பிள்ளையின் உயரம் எத்தனை சென்டிமீட்டர்?" என்றுதான் திருப்பிக் கேட்பேன். செலவைக் கேட்டால் உயரத்தைக் கேட்கிறாரே என்று அவர்கள் விழிப்பார்கள். அதற்கான காரணத்தைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

சித்திரைத் திருவிழாவை ஒட்டி மதுரையில் நடக்கும் பொருட்காட்சியும், சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சியும் நமக்குத் தெரிந்தவை. வாசலில் சிறு கட்டணம் கொடுத்து உள்ளே போகிறோம். ராட்டினத்துக்கு ஒரு சீட்டு, கப்பலுக்கு ஒரு சீட்டு, மரணக் கிணற்றுக்கு ஒரு சீட்டு என்று தனித்தனியாக வாங்குகிறோம். ஏறாத ராட்டினத்துக்குப் பணம் கொடுப்பதில்லை. தீம் பார்க் அப்படி இல்லை. வாசலிலேயே முழுப் பணத்தையும் வாங்கிவிடுவார்கள். அதன் பிறகு பத்து விளையாட்டு ஆடினாலும் அதே பணம், இரண்டே இரண்டு ஆடினாலும் அதே பணம். 1955ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து தொடங்கியபோது அங்கேயும் நம் பொருட்காட்சி போல ஒவ்வொன்றுக்கும் தனிச் சீட்டுதான். ஏ முதல் ஈ வரை வகை பிரித்த சீட்டுப் புத்தகங்களைப் பல ஆண்டுகள் விற்றார்கள். 1982இல்தான் அதைக் கைவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே கட்டணம் என்று ஆக்கினார்கள். இன்று நம் நாட்டுப் பெரிய பூங்காக்களிலும் அந்த முறைதான் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் வாசலைத் தாண்டிய பிறகு நம் கையிலிருந்து கரைவது நேரம். வரிசையில் நிற்கும் நேரம், வழி தெரியாமல் நடக்கும் நேரம், உடை மாற்றும் நேரம், சோற்றுக்குக் காத்திருக்கும் நேரம் எல்லாமே நாம் ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கிய நேரம். ஆகவே, யார் யார் எதில் ஏற முடியும், எந்த நாளில் போனால் வரிசை குறையும் என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். சிக்கனம் அங்கேதான் தொடங்குகிறது.

உயரத்துக்கு வருவோம். வொண்டர்லா போன்ற பூங்காக்களில் டிக்கெட்டே வயதை வைத்து இல்லாமல் உயரத்தை வைத்துத்தான். 85 சென்டிமீட்டருக்குக் குறைவான குழந்தைக்குக் கட்டணம் கிடையாது. அதிலிருந்து 140 சென்டிமீட்டர் வரை குழந்தைக் கட்டணம். 140ஐத் தாண்டினால் பெரியவர் கட்டணம். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் உங்களுக்குக் குழந்தைதான், ஆனால் வாசலில் அவள் பெரியவள். வேறு பூங்காக்களில் அளவு மாறலாம், தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், உள்ளே ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனியாக ஓர் உயர வரம்பு இருப்பது. பெரிய ரோலர் கோஸ்டர்களில் இது மிகக் கண்டிப்பாக இருக்கும். தோள்பட்டையை அழுத்திப் பிடிக்கும் அந்த இரும்புப் பூட்டு, குறிப்பிட்ட உடலளவுக்கு ஏற்றபடி அமைக்கப்பட்டிருக்கிறது. சிறு பிள்ளை அதற்குள் சரியாகப் பொருந்தாது. அதில் சலுகை கேட்கவே கூடாது.

அந்த விளையாட்டுகளின் வாசலில் கோடு வரைந்த பலகை ஒன்று நிற்கும். முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று அங்கே வந்து சேரும் சிறுவனைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பலகையை ஒட்டி நின்று, கழுத்தை நீட்டி, குதிகாலை மெல்ல உயர்த்துவான். பணியாளர் குனிந்து அவன் காலைப் பார்ப்பார். "தம்பி, காலைக் கீழே வை" என்பார். தலைக்கும் கோட்டுக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி இருக்கும். அக்கா உள்ளே போய்விடுவாள், அவன் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வருவான். அப்பாவும் அம்மாவும் அவனைச் சமாதானப்படுத்துவதிலேயே அடுத்த அரை மணி நேரம் போய்விடும். இது நடக்க வேண்டியதே இல்லை. இன்று மாலையே வீட்டில் கதவு நிலையை ஒட்டிப் பிள்ளையை நிற்கவையுங்கள், செருப்பில்லாமல். தலைமேல் ஒரு ஸ்கேலை வைத்துக் கோடு போட்டு அளந்துவிடுங்கள். பெரும்பாலான பூங்காக்கள் தங்கள் இணையதளத்தில் எந்த விளையாட்டுக்கு எவ்வளவு உயரம் என்று போட்டிருக்கின்றன. பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இந்த ஏழும் உனக்கு, இந்த நான்கும் அக்காவுக்கு" என்று முன்கூட்டியே பிரித்துக் காட்டுங்கள். தெரிந்துகொண்டு வருகிற பிள்ளை அழுவதில்லை.

அளந்து பார்த்தபின் சில வீடுகளில், இந்த ஆண்டு போக வேண்டாம் என்ற முடிவுகூட வரும். நூறு சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரே பிள்ளை இருக்கும் வீட்டில் அது நல்ல முடிவு என்றே சொல்வேன். அந்தப் பணத்தில் கால் பங்குகூட ஆகாத பொருட்காட்சியில் அவன் அதே அளவு மகிழ்வான். இன்னொன்றும் இருக்கிறது. உயரம் சரியாக இருந்தாலும் சில பிள்ளைகளுக்கு உயரமான இடம் பயம். சிலருக்குச் சுற்றினால் வாந்தி வரும். பெரியவர்களிலும் அப்படி உண்டு. உள்ளூர்ப் பொருட்காட்சியிலோ கோயில் திருவிழாவிலோ ஒரு மாலை எல்லோரும் பெரிய ராட்டினத்திலும் கப்பலிலும் ஏறிப் பாருங்கள். யாருக்கு எது ஒத்துவரும் என்பது சில நூறு ரூபாயில் தெரிந்துவிடும்.

அடுத்தது, எந்த நாள். மே மாத ஞாயிற்றுக்கிழமை, காலாண்டு விடுமுறை, கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட நாட்கள் ஆகிய மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். விடுமுறையில்தானே பிள்ளைகளை அழைத்துப் போக முடியும் என்பீர்கள். அதற்கு ஆசிரியர்கள் அறிந்த வழி ஒன்று உண்டு. நம் மாநிலத்தில் மாவட்ட ஆட்சியர்கள் உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். பனிமய மாதா பேராலயத் திருவிழாவுக்காக ஆகஸ்ட் 5ஆம் தேதி தூத்துக்குடிக்கு, வைகுண்ட ஏகாதசிக்குத் திருச்சிக்கு, இராஜராஜன் சதய விழாவுக்குத் தஞ்சாவூருக்கு என்று விடுமுறை வரும். அன்று உங்கள் மாவட்டத்துக்கு மட்டும்தான் விடுமுறை. பக்கத்து மாவட்டத்தில் அது சாதாரண வேலைநாள், அங்கே இருக்கும் பூங்காவில் கூட்டம் இருக்காது. திருவிழாவில் உங்களுக்குப் பங்கு இருந்தால் அதை விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை. இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது. விடுமுறையில்தான் போயாக வேண்டும் என்றால் செவ்வாய், புதன் கிழமைகளில் போங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வேலைநாட்களில் பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கும். "அன்றைக்குப் பள்ளிக் குழுக்கள் வருகிறார்களா?" என்று தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

எங்கே போவது? முதல் பயணம் என்றால், இரவு வீட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய தூரத்தைத் தேர்ந்தெடுங்கள். மதுரைக்காரர்களுக்குப் பரவையில் 'அதிசயம்' என்ற பூங்கா இருக்கிறது. கோவைக்காரர்களுக்கு மேட்டுப்பாளையத்தில் மலையடிவாரத்திலேயே பிளாக் தண்டர் இருக்கிறது, கோவையிலிருந்து ரயிலிலேயே மேட்டுப்பாளையம் போய்விடலாம். பொள்ளாச்சிப் பக்கத்தவர்களுக்கு மலம்புழா அணையை ஒட்டிய பூங்கா அருகில். சென்னைக்காரர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விஜிபியும் எம்ஜிஎம்மும், பூந்தமல்லியைத் தாண்டினால் குயின்ஸ்லாந்தும் உண்டு. திருப்போரூர்ப் பக்கம் வொண்டர்லாவும் வந்துவிட்டது. சென்னையில் பயணத்தின் ஒரு பகுதியையாவது மாநகரச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் வைத்துக்கொண்டால், வீட்டுப் பெண்களுக்கு அந்தத் தூரத்துக்குக் கட்டணமே இல்லை.

பெங்களூருவுக்கோ கொச்சிக்கோ போவதாக இருந்தால், இரவு ரயிலில் போய் மறு இரவு ரயிலிலேயே திரும்பும்படி திட்டமிடுங்கள். விடுதி வாடகை முழுதாக மிச்சம். தூத்துக்குடியிலிருந்து மதுரை வழியாகப் போகும் மைசூரு விரைவு ரயில், இரவில் ஏறினால் காலையில் பெங்களூருவில் இறக்கிவிடும். குளித்து உடைமாற்ற, ரயில் நிலையத்தில் ரயில்வேயின் ஓய்வறை கிடைக்குமா என்று முன்கூட்டியே பாருங்கள். பெங்களூரு வொண்டர்லா இருப்பது பிடதி அருகே, மைசூரு சாலையில். ரயிலில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது, முன்பு போல 120 நாட்கள் இல்லை. ஐந்து வயது நிறையாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். ஐந்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் என்றால், படுக்கை வேண்டாம் என்று எழுதினால் அரைக் கட்டணம், கேட்டால் முழுக் கட்டணம். ஆறு வயதுப் பிள்ளை அம்மாவோடு படுத்துக்கொள்ளலாம். பதினோரு வயதுப் பிள்ளைக்கு அது முடியாது. மறுநாள் முழுவதும் அவன் ஓடியாட வேண்டும், அந்த இரவுத் தூக்கத்தில் மட்டும் கஞ்சம் பிடிக்காதீர்கள்.

இப்போது பணக் கணக்கு. அப்பா, அம்மா, பாட்டி, 140ஐத் தாண்டிய மகள், சின்ன மகன் என ஐந்து பேர். கணக்குக்காகப் பெரியவருக்கு 1,000 ரூபாய், குழந்தைக்கு 800 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 4,800. விளம்பரத்தில் போட்ட விலை ஜிஎஸ்டி சேர்க்காதது என்றால், 18 சதவீதம் சேர்ந்து 5,664 ஆகிவிடும். எனவே "வரி உட்படவா?" என்பது முதல் கேள்வி. எதிலும் ஏறாமல் உட்கார்ந்திருக்கப்போகும் பாட்டிக்கும் டிக்கெட் உண்டு, முதியோர் சலுகை இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குத் தேர்வு நுழைவுச்சீட்டைக் காட்டினால் தள்ளுபடி தரும் பூங்காக்கள் உண்டு, கல்லூரி அடையாள அட்டைக்கும் உண்டு. அந்தச் சீட்டைப் பரீட்சை முடிந்ததும் கிழித்துப் போடாதீர்கள் என்று நான் வகுப்பிலேயே சொல்லி அனுப்புவேன்.

டிக்கெட்டுக்கு அடுத்தபடி பணம் போவது உடையில். தண்ணீர் விளையாட்டுகளில் நைலான், லைக்ரா போன்ற செயற்கை இழைத் துணிகளைத்தான் அனுமதிப்பார்கள். புடவை, வேட்டி, ஜீன்ஸ், பருத்திச் சுடிதார் எதுவும் கூடாது. பருத்தி நனைந்தால் கனக்கும், நூல் உதிர்ந்து தண்ணீர் வடிகட்டியை அடைக்கும். இது தெரியாமல் போகும் குடும்பம் வாசல் கடையில் ஐந்து பேருக்கும் உடை வாங்கி நிற்கும். மதுரையில் விளக்குத்தூண் பக்கம் போனால் முழங்கால் வரை வரும் லெக்கிங்ஸும், முழுக்கை பாலியெஸ்டர் டி-ஷர்ட்டும் மலிவாகக் கிடைக்கும். பெண்கள் கூச்சமில்லாமல் இருக்க அந்த உடையே போதும். அடர்ந்த மஞ்சளோ ஆரஞ்சோ பார்த்து வாங்குங்கள், கூட்டத்தில் பிள்ளை தொலைவிலிருந்தே கண்ணில் படும்.

சாப்பாட்டை வெளியிலிருந்து கொண்டுபோகப் பெரும்பாலும் விடுவதில்லை. கைக்குழந்தை உணவுக்கும் நோயாளிகளுக்கும் விலக்கு கேட்கலாம். காலையில் இட்லியோ பொங்கலோ வயிறாரச் சாப்பிட்டுவிட்டு உள்ளே போங்கள். மதியச் சாப்பாட்டைப் பன்னிரண்டு மணிக்கே முடித்துவிட்டால் கூட்டத்துக்கு முந்திவிடலாம். புளியோதரையைக் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள், திரும்பும் வழியில் ரயிலில் அதைப் போல உதவுவது வேறில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் காலையிலேயே 200 ரூபாய் கொடுத்து, "ஐஸ்கிரீமோ பொம்மையோ ஃபோட்டோவோ, இன்றைக்கு இதுதான்" என்று சொல்லிவிடுங்கள். கேட்டுக் கேட்டு நச்சரிப்பது நின்றுவிடும். எதற்குச் செலவழிப்பது என்று அவர்கள் கூடிப் பேசி முடிவெடுப்பதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம்.

இதற்காகக் கடன் வாங்காதீர்கள். நகையை அடகு வைத்துப் போனவர்களை எனக்குத் தெரியும், அந்த ஒரு நாளை அவர்கள் ஓராண்டு அடைத்தார்கள். தீபாவளிச் சீட்டுக் கட்டும் பழக்கம் நமக்கு இருக்கிறது. அதே போல வங்கியில் ஓராண்டுத் தொடர் வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கி மாதம் 1,000 ரூபாய் போட்டுவாருங்கள். அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்தாண்டுக்கானது, இதற்கு அது ஒத்துவராது. ஓராண்டில் பணமும் சேரும், பிள்ளையும் சில சென்டிமீட்டர் வளர்ந்திருப்பான்.

உள்ளே போன பிறகு கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். திறக்கும் நேரத்துக்கு முன்பே வாசலில் இருங்கள். எல்லோரும் முதலில் கண்ணில் படும் விளையாட்டில் போய் நிற்பார்கள், நீங்கள் கடைசியில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். முதலில் உலர்ந்த விளையாட்டுகள், பிறகு தண்ணீர். அப்படிச் செய்தால் நடுவில் மறுபடி உடைமாற்ற வேண்டியிருக்காது. வரிசையைத் தாண்டிச் செல்லும் விரைவு டிக்கெட் வேலைநாளில் தேவையில்லை. இதய நோய், உயர் இரத்த அழுத்தம், வலிப்பு, முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வேகமான விளையாட்டுகளில் ஏறவே கூடாது. அலைக்குளத்தில் சின்னப் பிள்ளை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். உங்கள் கைப்பேசி எண்ணை அழியாத மையால் அவன் முன்கையில் எழுதுங்கள். பாட்டியை நல்ல நிழலில் உட்காரவைத்து, அந்த இடத்தையே எல்லோரும் வந்து சேரும் இடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இடி மின்னலோடு மழை வந்தால் பெரிய விளையாட்டுகளை நிறுத்திவிடுவார்கள். கட்டணம் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. ஆகவே இணையத்தில் பணம் கட்டும் முன், தேதியை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறதா, எத்தனை நாளுக்கு முன் சொல்ல வேண்டும் என்று நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைப் பக்கம் போகிறவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். நன்றி, வணக்கம்.