தொழில் என்ற கட்டத்தில் ‘கூலி’

நேயர்களுக்கு வணக்கம். நான் டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரி லேபில் முப்பத்தொரு வருஷம் ரத்தம் பார்த்தவன். நோயாளியின் முகத்தைப் பார்த்தது குறைவு, அவருடைய ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்ததுதான் அதிகம். பென்சீன் என்கிற திரவம் ரத்தத்தை என்ன செய்கிறது என்று பேசச் சொல்லிப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். மூன்று விஷயங்களை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். ரத்தம் உடம்பில் எங்கே உண்டாகிறது, பென்சீன் அங்கே போய் என்ன செய்கிறது, மூன்றாவதாகப் பெட்ரோல் பங்க்.

அதற்கு முன்னால் ஒரு சீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். லேபுக்கு ரத்தம் வரும்போது கூடவே ஒரு சீட்டு வரும். பெயர், வயது, வார்டு. அதற்குக் கீழே ‘தொழில்’ என்று ஒரு கட்டம். நான் பார்த்த சீட்டுகளில் பாதிக்கு மேல் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். மீதியில் ‘கூலி’ என்று இருக்கும். கூலி என்பது தொழிலா? அது சம்பளம் வாங்கும் முறை. வயலில் நாற்று நடுகிறவரும் கூலிதான், பெயின்ட் அடிக்கிறவரும் கூலிதான். இரண்டு பேரும் சுவாசிக்கிற காற்று ஒன்றா?

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சீட்டு வந்தது. ஆண், வயது இருபத்து நாலு, தொழில் கூலி. ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு வைத்து, இன்னொரு கண்ணாடியின் விளிம்பால் இழுத்து, காயவைத்து, சாயம் ஊற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். சாதாரணமாகச் சந்தை நாள் மாதிரி இருக்கும். சிவப்பணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், நடுநடுவே ஊதா நிற வெள்ளணுக்கள், பொடிப்பொடியாக, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள். இந்தப் பையனுடைய ரத்தம் சந்தை கலைந்த மறுநாள் மாதிரி வெறிச்சென்று கிடந்தது. மூன்று வகை அணுவும் குறைவு. கை தவறியிருக்குமோ என்று மறுபடி ரத்தம் எடுக்க நானே வார்டுக்குப் போனேன்.

விரலைப் பிடித்ததும் தெரிந்தது. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும், பலாப்பால் காய்ந்த மாதிரி மஞ்சளாக ஒரு பிசின் ஒட்டியிருந்தது. “என்ன தம்பி வேலை?” என்றேன். “செருப்புக்குப் பசை தடவுறேன் சார்” என்றான். ஒரே அறையில் எட்டுப் பேராம். காற்று பட்டால் பசை சீக்கிரம் இறுகிவிடும் என்று ஜன்னலைத் திறக்க விடமாட்டார்களாம். அந்தப் பசையில் என்ன இருந்தது? டப்பாவில் எதுவும் எழுதவில்லை, யாரும் சோதிக்கவும் இல்லை. அதனால் பென்சீன்தான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் அன்றிலிருந்து அந்தக் கட்டம் காலியாக வந்தால் சீட்டைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தேன். வார்டு நர்ஸம்மாக்களுக்கு என் மேல் கோபம்தான். இருக்கட்டும்.

இதே கதை எனக்கு முன்னாலேயே துருக்கியில் பெரிய அளவில் நடந்திருக்கிறது. இஸ்தான்புல் நகரத்தில் முசாஃபர் அக்சோய் என்று ஒரு ரத்தநோய் மருத்துவர். அங்கே செருப்பு, கைப்பை தைக்கிற சின்னச் சின்னப் பட்டறைகள் ஏராளம். பசையைக் கரைக்கப் பென்சீன் நன்றாக வேலை செய்யும், விலையும் குறைவு. 1967 முதல் 1973 வரை, சுமார் 28,500 தொழிலாளர்களில் 26 பேருக்கு அக்யூட் லுகேமியாவோ, அதாவது வேகமாக முற்றும் ரத்தப் புற்றுநோயோ, அதற்கு முந்தைய நிலையோ இருந்ததை அவர் கணக்கெடுத்து 1974இல் வெளியிட்டார். வருஷத்துக்கு லட்சம் பேரில் 13 பேர். பொதுவாக மக்களிடம் 6 என்று அவர் எடுத்துக்கொண்டார். அதாவது இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் லட்சத்தில் பதிமூன்று என்பது தெருவில் நடந்துபோகிறவர் கண்ணில் படுகிற எண்ணிக்கையா? ஒருவர் இந்த ஆஸ்பத்திரிக்குப் போவார், இன்னொருவர் வேறு ஆஸ்பத்திரிக்கு. தொழிலைக் கேட்டுக் குறித்து வைக்க ஒரு ஆள் இருந்ததால்தான் அந்த 26 பேரும் ஒரு பட்டியலில் சேர்ந்தார்கள். நான் கட்டம், கட்டம் என்று புலம்புவது இதற்குத்தான்.

சரி, ரத்தம் எங்கே உண்டாகிறது? நல்லி எலும்பைத் தட்டி உறிஞ்சிச் சாப்பிட்டவர்களுக்கு விளக்கவே வேண்டாம். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் ரத்தம் விளையும் வயல். பெரியவர்களான பிறகு நமக்குக் கைகால் எலும்புகளில் பெரும்பாலும் கொழுப்புதான் மிஞ்சும். இடுப்பெலும்பு, மார்பெலும்பு, முதுகெலும்பு, விலா, இங்கேதான் முக்கியமாக வேலை நடக்கும். வினாடிக்கு 20 லட்சத்துக்கும் மேலான சிவப்பணுக்கள் அங்கிருந்து கிளம்புகின்றன. சிவப்பணு 120 நாள் இருக்கும், தட்டணு பத்து நாள் தாங்காது. அதனால் அறுவடை ஓயாமல் நடந்தாக வேண்டும். இத்தனைக்கும் மூலமாகக் கொஞ்சம் செல்கள் மஜ்ஜையில் இருக்கின்றன. குருத்தணு என்கிறார்கள். எனக்கு விதைநெல் என்று சொல்லத்தான் பிடிக்கும். எவ்வளவு பஞ்சம் வந்தாலும் விதைநெல்லில் கை வைக்காதே என்பார்கள் நம் பாட்டிமார். பென்சீன் கை வைப்பது அந்த விதைநெல்லில்தான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பென்சீன் நேரடியாகப் போய்ப் பெரிதாக எதையும் கெடுப்பதில்லை. மூச்சில் உள்ளே போனதில் ஒரு பகுதி மூச்சிலேயே திரும்பி வந்துவிடும். மீதியைக் கல்லீரல் பார்க்கிறது. எண்ணெய் மாதிரி இருக்கிறதே, தண்ணீரில் கரைகிற மாதிரி மாற்றினால் சிறுநீரில் தள்ளிவிடலாமே என்று பீனாலாகவும் ஹைட்ரோகுவினோனாகவும் மாற்றுகிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் அதில் கொஞ்சம் சிறுநீருக்குப் போகாமல் மஜ்ஜைக்குப் போய்ச் சேர்கிறது. மஜ்ஜையில் வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்வதற்காக ஒரு நொதியை வைத்திருக்கின்றன. அது ஹைட்ரோகுவினோனை பென்சோகுவினோன் ஆக்கிவிடுகிறது. இதுதான் எமன்.

செல் பிரியும்போது டிஎன்ஏ இழை சிக்கலாகும். பூக்காரம்மா நூல்கண்டில் முடிச்சு விழுந்தால் வெட்டி, சிக்கெடுத்து, மறுபடி முடிந்துகொள்வது போல, செல்லுக்குள்ளும் வெட்டி ஒட்ட ஒரு நொதி உண்டு. பென்சோகுவினோன் அந்த நொதியின் வேலையைக் கெடுத்துவிடும். இழை அறுந்தது அறுந்தபடி நிற்கும். அறுந்த துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்ளும். சில செல்களில் 5ஆம், 7ஆம் குரோமோசோம்களில் ஒரு துண்டோ முழுதுமோ காணாமல் போயிருக்கும்.

இப்படி அடிபட்ட விதைநெல் நிறைய செத்துப்போனால் மூன்று அணுவும் குறையும். அந்தப் பையனிடம் பார்த்தேனே, அப்படி. ரத்தசோகை, காய்ச்சல், ஈறில் கசிவு என்று அது வெளியே தெரியும். சாகாமல் கெட்டுப்போய் முளைத்தால்தான் பெரிய ஆபத்து. முதிராத, வேலைக்கு உதவாத வெள்ளணுக்கள் வயல் முழுக்கப் பதராக விளைந்து நல்ல பயிருக்கு இடமில்லாமல் செய்துவிடும். அதுதான் அக்யூட் மைலாய்டு லுகேமியா. சிலருக்கு முதலில் குறைந்து, பிறகு இப்படித் திரும்பும். இடையில் வருஷக்கணக்கில் ஆகலாம். அதற்குள் ஆள் வேலை மாறியிருப்பார், ஊர் மாறியிருப்பார்.

பென்சீன் ரத்தத்தைக் கெடுக்கும் என்று எப்போது தெரிந்தது தெரியுமா? 1897. ஸ்வீடனில் உப்சாலா என்ற ஊரில் சைக்கிள் டயர் செய்த பெண்களிடம் சான்டெசன் என்பவர் பார்த்தார். நம் பஞ்சர் கடை சொல்யூஷன் மாதிரி, ரப்பரைப் பென்சீனில் கரைத்திருந்தார்கள். 1910 வாக்கில் அமெரிக்காவின் பால்டிமோரில் தகர டப்பாவுக்கு ரப்பர் கரைசல் பூசிய பெண்களைப் பார்த்துவிட்டு, செல்லிங் என்பவர் முயல்களுக்குப் பென்சீன் ஏற்றிப் பார்த்தார். வெள்ளணுக்கள் சரசரவென்று குறைந்தன. உடனே இன்னொரு யோசனை வந்தது பாருங்கள்! லுகேமியாவில் வெள்ளணு எக்கச்சக்கமாகக் கூடுகிறது, பென்சீன் அதைக் குறைக்கிறது, அப்படியானால் அதையே மருந்தாகக் கொடுத்தால் என்ன? 1912இல் ஹங்கேரியில் கோராணி என்ற பெரிய மருத்துவர் கொடுத்தே பார்த்தார். எண்ணிக்கை குறைந்தது உண்மை. எண்ணிக்கை குறைவதும் நோய் தீர்வதும் ஒன்றா? லேபில் உட்கார்ந்தவனுக்கு இந்தக் கதை படித்ததிலிருந்து நம்பரைக் கண்டாலே கொஞ்சம் பயம். 1928இல் பிரான்சிலிருந்து, பென்சீனில் வேலை செய்தவருக்கு லுகேமியா வந்ததாக முதல் குறிப்பு வெளியானது. பதினாறு வருஷத்தில் மருந்து குற்றவாளியாகிவிட்டது.

எவ்வளவு இருந்தால் ஆபத்து என்று கேட்பீர்கள். இஸ்தான்புல் பட்டறைகளில் பசை தடவும் நேரத்தில், காற்றின் பத்து லட்சம் பங்கில் 210 முதல் 640 பங்கு வரை பென்சீன் இருந்தது. அமெரிக்காவில் 1987 முதல் வேலையிடத்து வரம்பு 1 பங்கு. சீனாவின் தியான்ஜினில் செருப்புத் தொழிலாளர்களைச் சோதித்து 2004இல் ஒரு ஆய்வு வந்தது. அந்த ஒரு பங்குக்கும் கீழே சுவாசித்தவர்களிடம்கூட வெள்ளணு குறைந்திருந்தது.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு நிமிடம்தான் மீதி என்று ஒரு விரல் காட்டுகிறார்கள். பெட்ரோல் பங்க்கை எழுதி வந்த தாள் அப்படியே இருக்கிறது. வேகமாகச் சொல்கிறேன். இன்றைய பாரத் ஸ்டேஜ் 6 என்ற தரத்துப் பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது, ஒரு காலத்தில் 5 வரை விட்டிருந்தார்கள். நாம் இரண்டு நிமிடம் நிற்கிறோம், அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் எட்டு மணி நேரம் நிற்கிறார்கள். டேங்க் நிரம்பி பம்ப் ‘டக்’ என்று நின்ற பிறகு “ரவுண்டு பண்ணிடுங்க” என்று கேட்காதீர்கள். அந்தக் கடைசிச் சொட்டுக்காகக் குனிகிறவரின் முகத்துக்கு நேரேதான் ஆவி வருகிறது. சிகரெட் புகையிலும் பென்சீன் உண்டு, அதற்குத் தனியாக ஒரு நாள் கூப்பிட்டால் வருகிறேன். வணக்கம்.